முப்பதாவது தாள்

ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். உன் வயிறு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னமும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே விழுங்குகிறாயா?

உங்கள் கூட்டாய்வு இங்கே வந்து இறங்கிவிட்டது. பல்கலைக்கழகமும் கல்வித்துறையும் கைகோத்துக்கொண்டு அரசுப் பள்ளிகளை மேம்படுத்தப் போகின்றனவாம். அப்படியென்றால் இருபத்திரண்டு வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். உங்கள் ஆபீஸிலிருந்து வந்த பெண் சின்னப் பெண், நல்ல பெண். ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுக்கச் சொன்னாள். ஐந்து கணக்கு, அடியில் ஒரு கேள்வி: "இந்த வாரம் உனக்குப் புரியாதது எது?" பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது எனக்கு மட்டும்தான் தெரிய வேண்டுமாம். தாள்களை நீலப் பையில் போட்டு, நானே முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். பெற்றோரிடம் முகவரி அட்டை வாங்கிக்கொண்டு போனாள், அதிலும் எண்தான்.

எல்லாம் சரி. ஆனால் வகுப்பில் முப்பது பேருக்குக் குறைந்தால் பள்ளியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவோம் என்றாள். என்னிடம் சரியாக முப்பது பேர்தான் இருக்கிறார்கள். ஆய்வில் இருக்கும்வரை எங்கள் பள்ளியை மூட மாட்டார்கள். வெளியே போனால், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அந்தச் சாலையில் லாரி போகிற வேகம் உனக்கே தெரியும். ஒன்பது வயசுப் பிள்ளைகள் தினம் இரண்டு தடவை அதைக் கடப்பதை நினைத்துப் பார். அதனால் இந்த வருஷம் என் முப்பதில் ஒன்றுக்கும் ஜலதோஷம்கூடப் பிடிக்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

என் வயிறு உன்னை விசாரித்தது. ஒழுங்காகத்தான் இருக்கிறது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு மறுபடி படிக்கட்டு ஏறாதே.

உன் பள்ளிப் பையைப் பிரிப்பது நான்தான். இதை வெளியே சொல்லிவிடாதே, உறவுக்காரன் என்று தெரிந்தால் தராசு என்னை வேறு வேலைக்கு மாற்றிவிடுவார். தராசு என்பது எங்கள் பேராசிரியர். காலை வணக்கம் சொன்னாலும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் வைப்பார்.

அக்கா, இத்தனை வருஷம் நாங்கள் பரீட்சை மார்க்கை வைத்துத்தான் பள்ளிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம். பிள்ளைகளிடமே கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. உன் வகுப்பில் இருபத்தொரு பேருக்கு வகுத்தலில் மீதி என்றால் என்னவென்றே புரியவில்லை. பொருளை வைத்துப் பங்குபோட்டுக் காட்டு என்று குறிப்பு அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா?

உன் 19 யார் என்று கேட்க மாட்டேன், கேட்கவும் கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் முதலில் அந்தத் தாளைத்தான் தேடுகிறேன். போன வாரம், "மீதி வந்தா அது எங்க போகும்?" என்று எழுதியிருந்தது. இந்த வாரம், "எல்லாம் புரிஞ்சுது. நீங்க எதுக்குக் கேக்குறீங்கன்னுதான் புரியல." ஆபீஸ் முழுக்கப் படித்துக் காட்டினேன். தராசே சிரித்தார், ஒரு பக்கமாக.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா?

பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே கொஞ்சம் வேலை. ஜூலைக் கடைசியில் இரண்டு நாள் பள்ளி வைக்கவில்லை, அந்த வெள்ளியின் தாள் அதனால்தான் வரவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகப் போகிறது. நீ சொன்னபடி புளியங்கொட்டையை வைத்துப் பங்குபோட்டுக் காட்டினேன், பிள்ளைகளுக்குப் புரிகிறது.

இந்த வாரப் பையில் முப்பது தாள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன, நாலு வரியில் கடிதம்? தந்தி அடிக்கிற காலம் போய்விட்டது. முழங்கால் ஏதாவது பண்ணுகிறதா? மறைக்காமல் எழுது.

முப்பதும் வந்தன. மீதிக் கணக்கில் உன் வகுப்பு நன்றாகத் தேறிவிட்டது. ஒரு சின்னச் சந்தேகம். 19-க்கு என்ன ஆயிற்று? விளையாட்டுப் பேச்சே இல்லை. "பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் பழக வேண்டும்" என்று பெரியவர்கள் மாதிரி எழுதியிருக்கிறது. எழுத்தும் ஒரு மாதிரி சாய்ந்து கிடக்கிறது. திட்டினாயா? உன் நாக்கைப் பற்றி எனக்குத் தெரியும். பாவம், விட்டுவிடு, அந்தப் பிள்ளை கோணல்மாணலாக எழுதினால்தான் எங்களுக்கு உபயோகம்.

ஒரு நல்ல செய்தி. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முன்னேற்றக் குறிப்பு அனுப்பப் போகிறோம். பள்ளி வழியாக அல்ல, முகவரி அட்டையைப் பார்த்து நேராகத் தபாலில். பெற்றோருக்கும் இந்த ஆய்வில் பங்கு வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான். தராசு எடைபோட்டுப் பார்த்துச் சரி என்றார். அதில் வருகிற வாசகம்கூட நான் எழுதியதுதான்: "உங்கள் குழந்தை இந்த மாதமும் நம்மோடு கற்று முன்னேறியிருக்கிறது."

உன் தம்பி

*

செப்டம்பர் 3

தம்பிக்கு,

நான் நலம், முழங்காலும் நலம்.

வீட்டுக்குக் குறிப்பு அனுப்புவது வேண்டாம். நான் சொல்வதைக் கேள். இங்கே பாதி வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, அவன் இஷ்டத்துக்கு ஒன்றைப் படித்து, ஊரெல்லாம் குழப்பம் ஆகும். வேண்டுமானால் என்னிடம் அனுப்பு. யாரிடம் கொடுக்கலாமோ அவர்களிடம் நானே கொடுக்கிறேன்.

உனக்கு நான் இதுவரை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஓடாத பழைய ஸ்கூட்டரை வாங்கினாயே, அப்போதுகூடச் சொல்லவில்லை. இதைச் சொல்கிறேன்.

19-ஐ நான் திட்டவில்லை.

அக்கா

*

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், ஒரு மாதமாக உன்னிடமிருந்து சத்தமே இல்லை. பை மட்டும் தவறாமல் வருகிறது.

கோபித்துக்கொள்ளாதே. குறிப்பை நிறுத்துவது என் கையில் இல்லை. எழுபது பள்ளிக்கும் ஒரே மாதிரிதான் செய்ய வேண்டும் என்று தராசு சொல்லிவிட்டார். ஒன்றாம் தேதியே தபாலில் போய்விட்டது.

ஆனால் இதைக் கேட்டால் உனக்குக் கோபம் போய்விடும். எழுபது பள்ளியிலும் அதிகமாக முன்னேறிய பிள்ளை யார் தெரியுமா? உன் 19! செப்டம்பர் நடுவிலிருந்து பழைய எழுத்து திரும்பிவிட்டது. உருண்டை உருண்டையாக, பென்சிலை அழுத்தி எழுதுகிற அதே எழுத்து. ஐந்துக்கு ஐந்து. ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அடியில் இருக்கிற கேள்விக்கு மூன்று வாரமாக ஒரே மாதிரி பதில்தான் எழுதுகிறது. "டீச்சர் ஏன் என்னைக் கேள்வி கேக்க மாட்டேங்கறாங்க?" போன வாரம், "கை தூக்கினாலும் பாக்க மாட்டேங்கறாங்க." நல்லாப் படிக்கிற பிள்ளை என்று கவனிக்காமல் விட்டுவிட்டாயா? நாங்கள் ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியது இந்த மாதிரி விஷயத்தைத்தான். திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேள், அவ்வளவுதான்.

நவம்பரில் தராசு உன் பள்ளிக்கு வருகிறார். 19-ஐப் பார்க்க வேண்டுமாம்.

உன் தம்பி

*

அக்டோபர் 17

தம்பி,

உன் கடிதத்தை வகுப்பில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு நானும் அவர்களோடு போய் நின்றுகொண்டேன்.

அது 19-இன் இடம். அந்தப் பெண் இல்லை. ஜூலை இருபத்தெட்டாம் தேதி போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு முந்தின வெள்ளி என்னிடம் வந்து, "தலை வலிக்குது டீச்சர், வீட்டுக்குப் போகட்டா?" என்று கேட்டாள். "தாளை முடிச்சிட்டுப் போ" என்றேன். உட்கார்ந்து ஐந்து கணக்கையும் போட்டுவிட்டுத்தான் போனாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் இருபத்தொன்பது தாள்தான் இருந்தது. நெடுஞ்சாலையும் லாரியும் கண்ணில் வந்தன. இடது கையால் ஒரு தாளை நானே எழுதிப் பையில் போட்டேன். ஆறு வெள்ளி அப்படிச் செய்தேன். நீ சாய்ந்து கிடக்கிறது என்றாயே, அது என் எழுத்து. பாவம் செய்கிறோம் என்று தெரிந்தும் செய்தேன்.

செப்டம்பர் மூன்றாம் வெள்ளி என்னால் முடியவில்லை. வருவது வரட்டும் என்று இருபத்தொன்பதைத்தான் கட்டி முத்திரை வைத்தேன். அதற்குப் பிறகு எல்லா வாரமும் இருபத்தொன்பதுதான். நீ எப்போது கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ என்னடாவென்றால் 19 ஐந்துக்கு ஐந்து என்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் அம்மா தையல்காரம்மா, எங்கள் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவள். எழுத்து தெரியாது, எண் தெரியும், அளவெடுக்கிறவள் இல்லையா? உன் குறிப்பில் 19 என்று பார்த்திருக்கிறாள். யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். போன செவ்வாய் பள்ளிக்கு வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. கையில் மடிப்புப் பிரித்து இறக்கித் தைத்த பாவாடை. "கணக்கு நல்லா போடறாளாமே டீச்சர்? இது நாளைக்குப் போட்டுட்டு வருவா. ரெண்டு விரல் வளந்துட்டா, பழைய அளவு பத்தல" என்றாள்.

தம்பி, அந்தத் தாள்களை யார் எழுதுகிறார்கள்?

அக்கா

*

அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தைரியமாக இருக்க வேண்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு உன் பை வந்தது. முத்திரை உடையவில்லை. நான் ஒரு தடவை எண்ணினேன், பக்கத்து மேஜைக்காரரை ஒரு தடவை எண்ணச் சொன்னேன். முப்பது. 19-ஐ வெளியே எடுத்து ஜூலைத் தாள்களோடு ஒட்டிப் பார்த்தேன். ஒன்பதுக்கு வால் போடுகிற விதம்கூட அதேதான். உன் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை தோழிக்காக எழுதிப் பைக்குள் செருகுகிறது என்று முடிவுகட்டினேன். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படி இருக்க முடியும்?

தராசிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், உன் இடது கையைத் தவிர. இனி அவர் அங்கே வர மாட்டார். அவர் ஒப்பந்தத்தை எடுத்து நாலாம் பக்கத்தைக் காட்டினார். அக்கா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "மாணவர் இறந்தால் அது எண்ணிக்கைக் குறைவாகக் கருதப்படாது" என்று போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை உன்னிடம் யாரும் படித்துக் காட்டவில்லை. நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும், பள்ளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உன்னைக் குறை சொல்லவில்லை. மூன்று மாதம் அந்தக் குழந்தையின் தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான்.

இன்று 19-ஐப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். விதிப்படி வீட்டுக்கும் ஒரு தகவல் போகும்: "எண் 19 பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது." பாவம் அந்த அம்மாவுக்கும் மனசு ஒரு முடிவுக்கு வரும். பள்ளி பத்திரமாக இருக்கிறது. நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் தம்பி

*

நவம்பர் 14

தம்பி,

நலம் விசாரிக்க இப்போது தெம்பில்லை. மன்னித்துக்கொள்.

நேற்று மதியம் தையல்காரம்மா வந்தாள். செருப்பில்லாமல், இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி. பிள்ளைகள் முன்னாலேயே கேட்டாள், "என் பொண்ணு என்ன தப்பு பண்ணா டீச்சர்? ஏன் எடுத்தீங்க?"

வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "அம்மா, மனசைத் தேத்திக்கோங்க. அவதான் ஜூலையிலயே..." என்று ஆரம்பித்தேன்.

"அது எனக்குத் தெரியாதா? குளிப்பாட்டி அனுப்பினது நான்தானே?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "போனவ போயிட்டான்னு தெரியும் டீச்சர். எனக்கொண்ணும் பித்துப் பிடிக்கல. ஆனா பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வந்துட்டிருந்தா. மெஷின் பக்கத்துல உக்காருவா. அன்னைக்குப் படிச்சதைச் சொல்லுவா. மாசாமாசம் நான் அளவெடுப்பேன். அந்தக் கடுதாசி வந்த நாள்லேருந்து வரல. பதினோரு நாளாச்சு. பள்ளிக்கூடத்துலயும் எடுத்துட்டீங்க, அவ எங்க போவா? சின்னப் புள்ள டீச்சர், அவளுக்கு இந்த ரெண்டு இடத்தைத் தவிர எதுவும் தெரியாது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. மணி அடிக்கும்வரை வாசலில் நின்று, வெளியே போகிற ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்தாள். இருபத்தொன்பது பேரும் போன பிறகும் நின்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டாம். மூன்றாவது பெஞ்சு இப்போது நிஜமாகவே காலியாக இருக்கிறது, அது மட்டும் தெரிகிறது. முன்னே அந்தப் பக்கம் பார்க்கப் பயந்தேன். இப்போது அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலில் திரும்பச் சேர்த்துவிடு. பள்ளிக்காகக் கேட்கவில்லை. பொய் என்று சொன்னால் சொல்லட்டும், என் வேலை போனால் போகட்டும். இந்தத் தடவை இந்த ஒன்றை மட்டும் செய்.

அக்கா

*

டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? தயவுசெய்து சாப்பிடு.

உன் கடிதம் வந்த அன்றே சேர்த்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் மூன்று வாரமாக உன் பையில் இருபத்தொன்பதுதான் வருகிறது. பையை உதறிப் பார்த்தேன், உள்துணியைப் பிரித்தும் பார்த்தேன். இல்லை.

உடனே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நன்றாகத் தெரியாமல் உன்னிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன். நீக்கிய பிறகு, தீபாவளி லீவு முடிந்து வந்த முதல் வெள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் பையில் ஒரு தாள் கூடுதலாக இருந்தது. அங்கே படிப்பது முப்பத்து நாலு பேர், வந்தது முப்பத்தைந்து. 19 என்ற எண்ணில் இரண்டு தாள். பைகளைப் பிரிக்கிற வேறொரு பையன் அதைப் பிழை என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறான். எனக்குப் போன வாரம்தான் கண்ணில் பட்டது. அதற்கு அடுத்த வெள்ளி, அந்தச் சாலையிலேயே அதற்கும் அப்பால் இருக்கும் பள்ளி. அதற்கடுத்தது, ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் பள்ளி. போன வெள்ளி, சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில். வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன் அக்கா. ஒவ்வொன்றும் உங்கள் ஊரிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது. லாரி போகிற அந்தச் சாலை வழியாகவேதான்.

ஐந்து கணக்கும் எல்லாத் தாளிலும் சரி. நாலாவது தாளில் பென்சில் மொட்டையாகிவிட்டது. அடியில் இருக்கிற கேள்விக்கு எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

முதல் தாள்: "இது எங்க பள்ளிக்கூடம் இல்லையே?"

இரண்டாவது: "இங்க எனக்கு இடம் இல்ல. நின்னுக்கிட்டே எழுதறேன்."

மூன்றாவதில் ஒன்றும் இல்லை.

நாலாவது: "வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

ஆலையைத் தாண்டினால் அந்தச் சாலையில் எங்கள் ஆய்வில் இருப்பது இன்னும் ஒரே ஒரு பள்ளிதான். அதற்கு மேல் தாள் இல்லை, பை இல்லை, எங்கே போனாள் என்று எனக்குத் தெரியவும் வராது. வரும் வெள்ளிக்கிழமை நான் அங்கே போகிறேன். தராசிடம் லீவு கேட்டேன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எடைபோடாமல் அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காலை முதல் பஸ்ஸில் தையல்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு நீ வந்துவிடு. முழங்காலைச் சாக்குச் சொல்லாதே. கடைசி மணி அடிக்கிறதற்குள் வாசலுக்கு வந்தாக வேண்டும். நான் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை வர மாட்டாள், என் முகம் அவளுக்குத் தெரியாது.

உன் தம்பி